ஏழாம் எண் கரை

சவுரியப்பன் மறுபடி அந்தப் பொந்துக்குள் நுழையப் போனபோது செல்லி குறுக்கே வந்து நின்றாள்.

"போவாதீங்க சாமி. மேல வெடிப்பு பெருசாயிருக்குது. நேத்து என் வெரல் போவல. இன்னிக்குக் கையே போவுது."

அவன் கரை மேலே ஏறிப் பார்த்தான். உண்மைதான். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, புல்லுக்கு நடுவில் ஒரு பிளவு கோணலாக ஓடியது. அதற்குள் ஒரு சிறு கல்லைப் போட்டுப் பார்த்தான். கல் எங்கோ கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது.

1942ஆம் வருஷம், ஐப்பசி மாதம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் முள்ளோடையின் கரை அது. சவுரியப்பன் கோவிலூர்க்காரன், முப்பத்து நாலு வயது. மதராஸில் நில ஆய்வு ஆபீஸ் ஒன்றில், மண்ணிலும் பாறையிலும் கல்லாகிக் கிடக்கும் பழைய எலும்புகளையும் சிப்பிகளையும் தேடிச் சேகரிக்கும் வேலை. இங்கிலீஷில் அந்த வேலைக்குப் பெயர் 'பாசில் கலெக்டர்'. கலெக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு முதல் நாள் அடிவாரத்து ஊரே மனுவோடு வந்து நின்றது. விஷயம் தெரிந்ததும் எலும்புக் கலெக்டர் என்று பெயர் வைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

அந்தப் பக்கமெல்லாம் ஆதிகாலத்துக் கரும்பாறை. அதில் எந்த உயிரின் தடமும் கிடைக்காது. மலை ஓடைகள் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மண் அடுக்குகளில்தான் தேட வேண்டும். சவுரியப்பன் ஓடை ஓடையாக நடந்து, கரை செங்குத்தாக அறுந்து நிற்கும் இடங்களை அளந்து, அடுக்குகளைப் படம் வரைந்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தான். ஆறு இடங்களில் ஒன்றுமில்லை. ஏழாவது இடத்தில், ஓடைப்படுகையிலிருந்து முழங்கால் உயரத்தில், கூழாங்கல் அடுக்குக்குள் ஒரு பெரிய விலங்கின் தாடை எலும்பு பல்லோடு துருத்திக்கொண்டிருந்தது. யானையா, யானைக்கும் முந்திய வேறு ஏதாவதா என்று அவனுக்கே தெரியவில்லை. இந்த ஜில்லாவில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் எடுத்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கரை இரண்டு ஆள் உயரம். மேலே கரிசல், அதன் கீழ் மஞ்சள் வண்டல், அதற்கும் கீழே ஒரு சாண் கனத்தில், சுண்ணாம்பு இறுகிய வெள்ளைச் சுக்கான்கல் பாளம். பாளத்துக்கு அடியில்தான் உதிரிக் கூழாங்கல். சுக்கான்கல் பாளத்தைக் கூரையாக நம்பி, அதன் அடியில் இருந்த கூழாங்கல்லை வாரி எடுத்து, ஆள் படுத்து நுழையும் அளவுக்கு ஒரு பொந்து செய்திருந்தான். உள்ளே தாடை எலும்பைச் சுற்றி, மைதாப் பசையில் முக்கிய கோணித்துணியை வரிந்து கட்டியிருந்தான். துணி காய்ந்து கட்டியாகிவிட்டது. அடியில் இன்னும் நாலு விரல் கனத்துக்குக் கல்லைத் தட்டி எடுத்தால் போதும்.

கூலிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். சித்தேரி மலையைச் சேர்ந்த காளியனும் அவன் மனைவி செல்லியும். காளியன் அன்று விடியற்காலையிலேயே, முன்பு சேகரித்த மண் மாதிரிகள் அடங்கிய பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொம்மிடி ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். மறுநாள்தான் திரும்புவான்.

சவுரியப்பன் மலையைப் பார்த்தான். உச்சி தெரியவில்லை. மேகம் சாம்பலாக இறங்கியிருந்தது. ஓடையில் கணுக்கால் நனையும் அளவுக்கே தண்ணீர் ஓடியது. ஆனால் மலையில் மழை பிடித்தால் இன்று சாயங்காலத்துக்குள் வெள்ளம் வந்துவிடும். வந்தால் தாடை போய்விடும்.

"ஒரு மணி நேரம்தான் செல்லி. எடுத்துட்டு வெளிய வந்துடறேன்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

தனக்கும் பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தான்.

பொந்துக்குள் மண் வாடையும் ஈர வெக்கையும் முகத்தில் அடித்தன. அவன் உளியை வைத்துத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் தலைக்கு மேலிருந்து பொடி மண் கழுத்தில் விழுந்தது. முதலில் அதைத் துடைத்துக்கொண்டான். பிறகு, தட்டாமல் இருக்கும்போதும் மண் விழுகிறது என்பதைக் கவனித்தான். கையை நிறுத்தினான். மேலே, பாளத்துக்குள்ளிருந்து, காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம் வந்தது.

"சாமி!" என்று செல்லி அலறினாள்.

அவன் பின்னால் தள்ளி வெளியே வரப் பார்த்தான். முழங்கையை ஊன்றுவதற்குள் எல்லாம் இறங்கிவிட்டது.

சத்தம் அடங்கியபோது தான் செத்துவிட்டதாகவே நினைத்தான். வாயில் மண் இருந்ததால்தான் சாகவில்லை என்று தெரிந்தது. துப்பினான். சுக்கான்கல் பாளம் முறிந்து விழுந்திருந்தது. அதன் ஒரு முனை உள்ளே கிடந்த உருண்டைக் கல் மேல் தங்கிக்கொண்டதால், தலைக்கும் வலது கைக்கும் மட்டும் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. இடது கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே மண் இறுகியிருந்தது. இடது காலில் வலி இல்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் கூழாங்கற்கள். அவற்றின் இடுக்கில் நூல் போல வெளிச்சம்.

"செல்லி! செல்லி!"

"இருக்கறேனுங்க! உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். தோண்டு, சீக்கிரம் தோண்டு!"

அவள் வாசல் பக்கத்தில் இரண்டு கையாலும் மண்ணை வாரிப் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் பெரிதாகவில்லை, சிறிதாயிற்று. அவள் ஒரு கூடை எடுத்தால் மேலிருந்து இரண்டு கூடை சரிந்தது. பாளம் முனகிக்கொண்டு ஒரு விரல்கடை கீழே இறங்கி அவன் தோளைத் தொட்டது.

"நிறுத்து! எறங்குது, எறங்குது!"

அவள் நிறுத்தினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. பிறகு தண்ணீரில் காலடிகள் சளசளவென்று விலகி ஓடுவது கேட்டது.

"செல்லி?"

வெளிச்சம் வந்த இடுக்கை நோக்கித் தலையை நகர்த்தினான்.

"செல்லி! போயிடாத! உன் காலைப் புடிச்சுக்கறேன், போயிடாதம்மா!"

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சவுரியப்பன் கத்தினான். மாதாவைக் கூப்பிட்டான். செத்துப்போன தன் அம்மாவை 'ஆத்தா, ஆத்தா' என்று கூப்பிட்டான். காற்று குறைகிறதோ என்று தோன்றியதும் கத்துவதை நிறுத்தினான். நிறுத்தியதும் மூச்சுச் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. அதுவும் பயமாக இருந்ததால் மறுபடி கத்தினான்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று பின்னால் யார் கேட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. முகத்துக்கு எதிரே இருந்த கற்களை எண்ணினான். இருபத்தெட்டு வரை எண்ணி, தொலைத்து, திரும்ப ஆரம்பித்தான். இந்தக் கற்கள் எப்படி இங்கே வந்தன என்பதைத் தன் கையாலேயே அறிக்கையில் எழுதியிருந்தான்: பெருவெள்ளம் ஒன்று உருட்டிக் கொண்டுவந்து போட்டது. அந்த வெள்ளத்தில் சிக்கித்தான் இந்த விலங்கும் செத்திருக்க வேண்டும். எழுதும்போது அது ஒரு வாக்கியமாக மட்டும்தான் இருந்தது.

அப்போது வலது முழங்கை நனைந்தது.

ரத்தம் என்று நினைத்தான். விரலால் தொட்டான். குளிர்ந்திருந்தது. தண்ணீர் மண்ணுக்கு அடியிலிருந்து ஊறி மேலே வந்துகொண்டிருந்தது. ஓடையின் சத்தமும் மாறியிருந்தது. சலசலப்பு போய், தூரத்தில் கனமான வண்டி வருவது போல ஓர் உறுமல். மலையில் மழை பிடித்துவிட்டது. மண் நெரித்துச் சாவதா, தண்ணீரில் மூழ்கிச் சாவதா என்று மனம் தானாகவே ஒப்பிட்டுப் பார்த்தது. அவனால் அதை நிறுத்த முடியவில்லை.

வலது பக்கச் சுவரில், தலைக்குப் பக்கத்தில், 'நச்' என்று ஒரு சத்தம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் 'நச்', 'நச்'. யாரோ மண்ணைக் குத்துகிறார்கள். வாசல் பக்கம் இல்லை, பக்கவாட்டில்.

"யாரு?"

"நான்தானுங்க. பேசாம கெடங்க. அசையாதீங்க."

"எங்க போன?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்து அழுகையாக வந்தது.

அவள் குத்துவதை நிறுத்தவில்லை. வள்ளிக்கிழங்கு தோண்டுவதற்கு மலைக்காரர்கள் வைத்திருக்கும், முனையில் இரும்பு பூட்டிய கம்பு அவள் கையில் இருந்தது. சரிவில் ஆள் ஆழத்துக்குக் கிழங்கு இறங்கியிருந்தால் அவர்கள் மேலிருந்து தோண்டுவதில்லை; மண் தலையில் விழும். பக்கத்தில் கெட்டியான இடம் பார்த்துக் குறுகலாக ஒரு துளை போட்டு, கிழங்கின் அடிக்குப் போய்ச் சேர்வார்கள். செல்லி அதைத்தான் செய்தாள். கூழாங்கல் சரிந்த பக்கத்தை விட்டுவிட்டு, களிமண் கெட்டித்து நின்ற பக்கமாகத் துளைத்து வந்தாள். வெளியே கிடந்த கடப்பாரையை முறிந்த பாளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

"தண்ணி வருது செல்லி. மார்புக்கு வந்துடுச்சு."

"தெரியுதுங்க. எனக்கு இங்க தொடைக்கு வந்துடுச்சு."

அவள் பற்கள் கிட்டிப் பேசுவது கேட்டது.

கடைசியில் துளை வழியே அவள் கை உள்ளே வந்தது. மண் அப்பிய விரல்கள் துழாவின. ஆனால் அவை சவுரியப்பனின் தோளுக்கு வரவில்லை. நடுவில் எதன் மேலோ முட்டிக்கொண்டு நின்றன. கோணியும் பசையும் சுற்றிய அந்தத் தாடை எலும்பு, பாறை போல வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"குறுக்க என்னாங்க இது? அசைய மாட்டேங்குது."

"அந்த எலும்பு."

உறுமல் நெருங்கியிருந்தது.

"என் கம்பு எட்டாதுங்க. நீங்கதான்..."

அவள் முடிப்பதற்குள் சவுரியப்பன் சுத்தியைத் தேடி எடுத்துவிட்டான். உளி கிடைக்கவில்லை. படுத்த வாக்கிலேயே வலது கையால் ஓங்கி அடித்தான். முதல் அடியில் கோணிக்கூடு பிளந்தது. இரண்டாவதில் பல் ஒன்று தெறித்து அவன் கன்னத்தைக் கிழித்தது. இருபது நாள் பல் குச்சியாலும் தூரிகையாலும் தூசி தட்டிய எலும்பை, நாயை அடிப்பது போல வெறி பிடித்து அடித்தான். ஒருமுறைகூட அவன் கை தயங்கவில்லை. உடைந்த துண்டுகளைச் செல்லி தன் பக்கம் இழுத்து இழுத்து வீசினாள்.

அவள் கை அவன் அக்குளைப் பிடித்தது.

"கத்துனா கத்துங்க. நான் விட மாட்டேன்."

இழுத்தாள். இடது காலில் அதுவரை இல்லாத வலி அப்போது ஒரேயடியாக வந்தது. அவன் கத்திய கத்தல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பூட்ஸ் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. தலை வெளியே வந்தது. மழை முகத்தில் அடித்தது. ஓடை செம்மண் நிறத்தில், முள்ளும் கிளையும் சுழன்றுவர, அவள் இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பை அவன் மார்பில் கட்டி, கரையோரமாகவே வெள்ளத்தில் இழுத்துக்கொண்டு போய், தாழ்ந்த இடமாகப் பார்த்து ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஏழாம் எண் கரை, மேலே இருந்த புல்லோடும் வெடிப்போடும், அப்படியே ஓடைக்குள் உட்கார்ந்தது.

அதைப் பார்த்தது வரைதான் சவுரியப்பனுக்கு நினைவிருந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இடது காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. மேலே பார்த்தான். ஓட்டுக்கூரை. ஓட்டைப் பார்த்ததும் அது இறங்கி வருவதுபோல் இருந்தது. அலறிக்கொண்டு எழப் பார்த்தான். காசியம்மாள் என்ற ஆயா ஓடிவந்து தோளை அமுக்கிப் படுக்க வைத்தாள்.

"ரெண்டு நாளா இதே கூத்துதான். ஒண்ணும் விழாதுங்க. கண்ணை மூடுங்க."

"ரெண்டு நாளா?"

"ஆமாங்க. சுரத்துல என்னென்னமோ பேசினீங்க. எலும்பு, எலும்புன்னு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய வேப்பமரத்தடியில ஒரு மலைக்காரப் பொம்பள ரெண்டு நாளா உக்காந்திருக்குது. உள்ள விட மாட்டேங்கறாங்க. கஞ்சி குடுத்தா குடிக்கவும் இல்ல. நீங்க கண்ணு முழிச்சீங்களான்னு மட்டும் கேக்குது."

சவுரியப்பன் வற்புறுத்தியதும் காசியம்மாள் செல்லியைப் பின் வாசல் வழியாகக் கூட்டிவந்தாள். அவள் கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தன.

"அவரைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கய்யா."

"யாரை? காளியனையா? அவன் ஊர்லயே இல்லையே!"

அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். அடிவாரத்தில் சவுரியப்பனுக்குத் தங்க இடம் கொடுத்திருந்த விவசாயி பெரியண்ணன், சர்க்கார் ஆள் தன் வீட்டில் இருக்கும்போது செத்துப்போனால் தனக்கு வினை என்று பயந்து, கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு போலீசுக்கும் ஆள் அனுப்பிவிட்டார். போலீஸ்காரர்கள் வந்தார்கள். யார் கூட இருந்தது என்று கேட்டார்கள். மறுநாள் பொம்மிடியிலிருந்து திரும்பிய காளியனை வண்டியிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு மாதப் போராட்டத்தில் எங்கெங்கோ தண்டவாளம் பிடுங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு எல்லார் மேலும் சந்தேகம். மலைக்காரனுக்கு ரயில் ஸ்டேஷனில் என்ன வேலை, பெட்டியில் என்ன அனுப்பினாய், ஆபீசரை யார் தள்ளிவிட்டது என்று கேட்டு அடிக்கிறார்களாம்.

"மண்ணுன்னு சொல்லியிருக்காருங்க. மண்ணை எவண்டா ரயில்ல அனுப்புவான்னு இன்னும் அடிச்சாங்களாம்."

சவுரியப்பன் ஒரு காகிதம் கேட்டான். எழுதிக் கொடுத்தால் போதும் என்று முதலில் நினைத்தான். பிறகு அந்தக் காகிதம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்குமோ என்று தோன்றியது. வண்டி பிடிக்கச் சொன்னான். டாக்டர் கூடாது என்றார். காசியம்மாள்தான் ஒரு கூண்டு வண்டி கொண்டுவந்து, வைக்கோல் பரப்பி, இரண்டு ஆளை வைத்து அவனைத் தூக்கிப் போட்டாள். கூண்டின் வளைவு தலைக்கு மேலே வந்ததும் அவனுக்கு மூச்சு முட்டியது. வியர்த்துக் கொட்டியது. "கூண்டைக் கழட்டுங்க" என்று கெஞ்சினான். கழற்றிப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் திறந்த வண்டியில் போனார்கள். செல்லி பின்னாலேயே நடந்தாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஏட்டு வந்து பார்த்தார்.

"நீங்க எதுக்குங்க இந்த நெலமையில? சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்து வாக்குமூலம் வாங்கியிருப்போமே."

"ரெண்டு நாளா வரலையே."

ஏட்டு வண்டிக்குப் பின்னால் நின்ற செல்லியைப் பார்த்தார்.

"கரை தானா இடிஞ்சுது. இந்தப் பொம்பள போவாதேன்னு தடுத்தா. நான்தான் கேக்கல. என்னை உசுரோட வெளிய இழுத்ததும் அவதான். பெட்டியில இருந்தது மண்ணு. அனுப்பச் சொன்னது நான். அந்த ஆளை என் கண்ணு முன்னால கொண்டுவந்து விடுங்க. அதுவரைக்கும் இந்த வண்டி இங்கதான் நிக்கும்."

"வெறும் மண்ணுக்கா இவ்வளவும்?" என்று ஏட்டு நம்பாமலேயே கேட்டுவிட்டு உள்ளே போனார்.

வெயில் சாயும் நேரத்துக்குக் காளியனை வெளியே விட்டார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. நேராக நடக்க முடியவில்லை. சவுரியப்பனைப் பார்த்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடுதான் சவுரியப்பனால் தாங்க முடியாததாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "பெட்டி ரயில் ஏறிடுச்சா?" என்று கேட்டான்.

"ஏறிடுச்சுங்க" என்றான் காளியன்.

செல்லி புருஷனைக் கைத்தாங்கலாக மரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். அப்போதுதான் சவுரியப்பன் அதைக் கேட்டான்.

"அன்னிக்கு எங்க போன, செல்லி? கம்பு எடுக்கவா?"

அவள் வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கிள்ளி எடுத்தாள்.

"இல்லீங்க. ஓடிடலாம்னுதான் போனேன். நீங்க செத்துட்டா எங்களைத்தான் புடிப்பாங்கன்னு தெரியும். மலையேறிட்டா எங்க வூடு இருக்கற பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க. ஓடைக்கு மேல இருக்கற வேலிக் கெணறு வரைக்கும் போயிட்டேன். அங்க நின்னேன். அப்பதான் தோணுச்சு, நீங்க செத்தாலும் போலீசு மலைக்கே வரும், பொழச்சாலும் வரும். பொழச்சா நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்க இல்ல? அதுக்கப்புறந்தான் வழியில வேலியோரம் வெச்சிருந்த கெழங்குக் கம்பு ஞாபகம் வந்துச்சு."

"நான் சொல்றதுக்கு ரெண்டு நாள் ஆயிடுச்சே."

"ஆயிடுச்சுங்க" என்றாள் அவள். அதில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அவன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கெணத்துக்கிட்ட நிக்கும்போதும் நீங்க கத்துனது கேட்டுதுங்க. ஆத்தான்னு கத்தினீங்க."

பிறகு காளியனை எழுப்பி நிறுத்தி, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வண்டியில் ஏறச் சொல்லி சவுரியப்பன் கூப்பிட்டான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இருட்டுவதற்குள் மலையடிவாரம் போய்ச் சேர வேண்டும் என்று இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.